வீட்டுக்குள் வைக்கும் கொசுப்பொறிகள்

நேயர்களுக்கு வணக்கம். எந்தப் பொறி அதிகக் கொசுக்களைப் பிடிக்கும் என்பதுதான் வீடுகளில் கொசுக்களைக் கண்காணிக்கும்போது வழக்கமாக எழும் முதல் கேள்வி. பிடிபட்ட கொசு பசியோடு வந்ததா, இரத்தம் குடித்துவிட்டு இளைப்பாறியதா என்பதை முதலில் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மிகப் பழைய முறையில் பொறியே கிடையாது. ஒருவர் முழங்கால்வரை காலைத் திறந்து வைத்து இரவெல்லாம் விழித்திருந்து, வந்தமரும் கொசுவை அது கடிப்பதற்குள் உறிஞ்சுகுழலால் பிடிப்பார். ஒருவர் ஓர் இரவில் எத்தனை கடி வாங்குவார் என்பதற்கு இதைவிட நேரடியான அளவு இல்லை. அந்த எண்ணிக்கையை, உமிழ்நீர்ச் சுரப்பியில் மலேரியா ஒட்டுண்ணி உள்ள கொசுக்களின் விகிதத்தால் பெருக்கினால், நோய் தொற்றக்கூடிய கடிகளின் எண்ணிக்கை கிடைக்கும். ஆயினும் பிடிப்பவரையே நோய்க்கு முன் உட்கார வைக்கும் முறை இது. பின்னிரவில் தூக்கம் அழுத்தும் கை, முன்னிரவில் இருந்த வேகத்தில் இயங்காது என்பதையும் மறக்கலாகாது.

இதற்கு மாற்றாக வந்த ஒளிப்பொறியில் ஒரு சிறு விளக்கு, பேட்டரியில் சுழலும் விசிறி, வலைப்பை ஆகியவை உண்டு. கொசுவலைக்குள் ஒருவர் உறங்க, அவருடைய கால்மாட்டில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் இதைத் தொங்கவிடுவார்கள். மனித வாடையை நாடி வந்து, வலையால் தடுக்கப்பட்டு வட்டமிடும் கொசுவை விசிறி உள்ளிழுத்துக்கொள்கிறது. வலை இல்லையென்றால் கொசு நேரே மனிதரிடம் போய்விடும். பகலில் கடிக்கும் ஏடிஸ் எஜிப்டி என்னும் கொசு வகைக்கு இந்தப் பொறி அவ்வளவாகப் பயன்படாது. கறுப்பும் வெள்ளையுமாய் அமைந்து, மனிதத் தோலின் வாடையைப் போன்ற கலவையை வெளிவிடும் பொறியே அதற்கு ஏற்றது. கொசுவைப் போலவே இரத்தம் குடிக்கும், இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமே உள்ள மணல் ஈக்களைப் பிடிக்க வேண்டுமானால், வலைப்பையின் கண்கள் இன்னும் நுண்ணியவையாக இருக்க வேண்டும்.

விடியற்காலையில் தரையில் வெள்ளைத் துணி விரித்து, கதவுகளை அடைத்து, பைரெத்ரம் என்னும் பூச்சிக்கொல்லியைத் தெளித்து, சில நிமிடங்கள் கழித்து விழுந்தவற்றைப் பொறுக்குவது வேறொரு முறை. இதில் பெரும்பாலும் இரத்தம் குடித்த கொசுக்களே கிடைப்பதால், அது மனித இரத்தமா, மாட்டு இரத்தமா என்று ஆய்வுக்கூடத்தில் அறிந்துகொள்ளலாம். ஆனால் சுவர்களில் பூச்சிக்கொல்லி அடித்த வீட்டில் கொசு கடித்த கையோடு வெளியேறிவிடக்கூடும். துணியில் ஒன்றும் விழாத அந்த வீட்டிலும் கடி நின்றிருக்காது. அத்தகைய வீடுகளில், வெளியேறும் கொசுவைச் சிறைப்படுத்தும் சன்னல் பொறியையும் சேர்த்தே வைக்க வேண்டும்.

பொறிகளை ஒப்பிடும்போது நேரும் பெரும்பிழை, ஒவ்வொன்றையும் ஒரே வீட்டில் நிலையாக விட்டுவிடுவது. பொறிக்குப் பொறி உள்ள வேறுபாட்டைக் காட்டிலும் வீட்டுக்கு வீடு உள்ள வேறுபாடு பெரிதாகிவிடலாம். ஆகவே நான்கு பொறிகளை நான்கு வீடுகளில் நான்கு இரவுகள் சுழற்றி, ஒவ்வொரு பொறியும் ஒவ்வொரு வீட்டிலும் ஓர் இரவு இருக்கும்படி செய்கிறார்கள். இதற்கு லத்தீன் சதுரம் என்று பெயர். அப்படிச் சுழற்றும்போது, பேட்டரி தீர்ந்து விசிறி நின்றுபோன இரவைப் பதிவேட்டில் பூஜ்யம் என்று எழுதாமல், பொறி இயங்கவில்லை என்றே எழுத வேண்டும்.