வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த அரசு

நடுவர் அவர்களே, ஜிம்பாப்வேயில் வெள்ளைக்காரர்களின் பண்ணைகளைப் பறித்தது நீதியே என்று வாதாடிய எதிரணி நண்பர், 1930-ஆம் வருடச் சட்டத்தை எடுத்து வீசினார். கைப்பிடியளவு வெள்ளையருக்கு நாட்டில் பாதி நிலத்தை ஒதுக்கிய சட்டம். கொடுமைதான். நான் மறுக்கவில்லை.

ஆனால் 1980-ல் நாடு விடுதலையானதே, அப்புறம் என்ன நடந்தது? பழிவாங்க மாட்டோம் என்றார் புதிய பிரதமர் முகாபே. விவசாய அமைச்சர் பதவியையே டெனிஸ் நார்மன் என்ற வெள்ளை விவசாயிக்குக் கொடுத்தார்! அதை நம்பித்தான் பல குடும்பங்கள் அங்கேயே தங்கின. சிலர் புதிதாக நிலமும் வாங்கினார்கள். 1985-க்குப் பிறகு யார் பண்ணையை விற்றாலும் முதலில் அரசிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. "எங்களுக்கு இப்போது வேண்டாம்" என்று அரசு சான்றிதழ் தந்தால்தான் அடுத்தவருக்கு விற்க முடிந்தது. அப்படி வாங்கி, வங்கிக் கடனில் கிணறு வெட்டி, பிள்ளைகளையும் அங்கேயே வளர்த்தவன் வாசலிலும்தான் 2000-ல் பண்ணையைப் பறிக்கக் கூட்டம் வந்து நின்றது. உன் பாட்டன் பிடுங்கிய நிலம் என்று இவனிடம் எப்படி ஐயா சொல்வீர்கள்?

அந்தப் பண்ணைகளில் விளைந்த புகையிலையின் பக்குவம் தெரியுமா? பறித்த இலையைக் கொட்டகையில் தொங்கவிட்டால் ஏறக்குறைய ஒரு வாரம் அடுப்பு அணையக்கூடாது. முதலில் இளஞ்சூடு, இலை எலுமிச்சை நிறத்துக்கு வரணும். பிறகு 70 டிகிரி வரை ஏற்றி, நடு நரம்பு ஒடிகிற பதத்துக்குக் காய வைக்கணும். நடுராத்திரி விறகு தள்ளியது யார்? முதலாளியா? மலாவியிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் கூலிக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்! நீதி என்றால் நிலம் முதலில் அவர்களுக்கல்லவா போயிருக்கணும்? அவர்களில் லட்சக்கணக்கானோர் வேலையும் போய், குடியிருந்த வீடும் போய் நின்றார்கள். நல்ல பண்ணைகள் பலவும் ஆளுங்கட்சிக்காரர், ராணுவ அதிகாரி கைக்குப் போயின. சிறு விவசாயிகளுக்கும் கிடைத்தது, அவர்கள் இன்று புகையிலையை நன்றாகவே விளைவிக்கிறார்கள். எதிரணி எழுந்து சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

2020-ல் அதே அரசு என்ன செய்தது? அணைக்கும் கிணற்றுக்கும் கொட்டகைக்கும் 350 கோடி டாலர் இழப்பீடு தருவதாகக் கையெழுத்துப் போட்டது. மண்ணுக்கு இல்லை, மண்மேல் கட்டியதற்கு. சரி, அந்தக் கணக்கை 20 வருடத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசியிருந்தால், இரவோடு இரவாக ஒரு குடும்பம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டுமா, நடுவர் அவர்களே?