தீர்ப்பு தவறென்று சொல்லலாமா?

(திருவாரூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, நண்பர்களே,

சென்ற வாரம் நீதிமன்ற வாசலில் உள்ள தேநீர்க் கடையில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். வாய்க்கால் வழக்கு ஒன்றில் தோற்றுவிட்டு நின்றிருந்தார். மஞ்சப்பையில் இருந்த தீர்ப்பு நகலை வெளியே எடுக்காமல், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "தீர்ப்பு தப்புன்னு நாலு பேருகிட்ட சொன்னா உள்ள தூக்கிப் போட்ருவாங்களாமே, நெசமா வக்கீல் தம்பி?" என்று கேட்டார். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்ட விதம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

1971-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் அவமதிப்பை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. நீதிமன்ற ஆணையை வேண்டுமென்றே மீறுவது உரிமையியல் அவமதிப்பு. இதன் அருமையை டெல்டா விவசாயிக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கர்நாடகம் காவிரியில், மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலு அளவீட்டு நிலையத்தில், ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தண்ணீர் தர வேண்டும் என்று 2018 பிப்ரவரி 16 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஆறு வாரத்துக்குள் அதற்கான செயல்திட்டத்தை வகுக்கச் சொன்னது. கெடு முடிந்தும் மத்திய அரசு அசையாதபோது தமிழக அரசு தொடுத்தது அவமதிப்பு வழக்குதான். அந்த ஜூன் மாதத்தில் காவிரி மேலாண்மை ஆணையம் அமைந்தது. இந்த அதிகாரம் நீதிமன்றத்திடம் இருந்தே ஆக வேண்டும்.

இரண்டாவது வகை குற்றவியல் அவமதிப்பு. விசாரணையில் குறுக்கிடுவதையும் நீதி நிர்வாகத்தைத் தடுப்பதையும் தண்டிப்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நீதிமன்றத்தைக் "களங்கப்படுத்தும்" பேச்சும், களங்கப்படுத்தும் தன்மை கொண்ட பேச்சும்கூட அதே பிரிவில் குற்றமாகின்றன. எந்தச் சொல் களங்கம் என்பதை நீதிமன்றமே முடிவு செய்கிறது. தண்டனையோ ஆறு மாதச் சிறை வரை போகலாம். கேரள முதலமைச்சராக இருந்த ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு, நீதித்துறை வர்க்கச் சார்புடையது என்று பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டார். 1970-இல் உச்ச நீதிமன்றம் அவருடைய அபராதத்தை 50 ரூபாயாகக் குறைத்தாலும் குற்றவாளி என்ற முடிவை மாற்றவில்லை. 2020-இல் நீதித்துறையை விமர்சித்த ட்விட்டர் பதிவுகளுக்காக வழக்கறிஞர் பிரசாந்த் பூஷணுக்கு விதிக்கப்பட்ட அபராதம் ஒரு ரூபாய். தொகை சிறிதுதான், ஆனால் வழக்கறிஞருக்கே இந்த நிலை என்றால் குத்தகை விவசாயி வாய் திறப்பாரா? இந்தக் குற்றத்தை நமக்குக் கொடுத்த இங்கிலாந்தே 2013-இல் அதைச் சட்டத்திலிருந்து நீக்கிவிட்டது.

இந்த மண்ணில் நின்றுகொண்டு கீழவெண்மணியைப் பேசாமல் இருக்க முடியாது. 1968 டிசம்பர் 25 இரவு தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதாரர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. பெரும் நிலமும் செல்வமும் உடையவர்கள், வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்து சென்று தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அந்தத் தீர்ப்பில் பதிவான கருத்து. அந்த வாதம் தவறு என்று மேடைதோறும் நம்மவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள்; நானும் சொல்கிறேன். நீதி கிடைக்கும் என்று நம்பி நீதிமன்றம் போனவர்களின் வேதனை அது. அதைக் களங்கம் என்று எழுதிவைத்தால், இறந்தவர்களுக்காகப் பேச யார் மிஞ்சுவார்கள்?

"களங்கப்படுத்துதல்" என்ற பகுதியை நாடாளுமன்றம் நீக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. அதுவரை, இருக்கும் பாதுகாப்பையாவது மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முடிந்துபோன வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பது அவமதிப்பு ஆகாது என்று சட்டத்தின் 5-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. பொதுநலனுக்காக நல்லெண்ணத்துடன் சொல்லப்பட்ட உண்மையை எதிர்வாதமாக ஏற்க 2006-ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தருகிறது.

பெரியவரிடமும் இதைத்தான் சொன்னேன். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது வார்த்தையில் கவனம் வேண்டும், ஆதாரமில்லாமல் நீதிபதி காசு வாங்கினார் என்று பேசக் கூடாது, ஆனால் தீர்ப்பில் எந்த இடம் சரியில்லை என்று தாராளமாகச் சொல்லலாம் என்றேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு மஞ்சப்பையிலிருந்து நகலை எடுத்து மேசைமேல் விரித்தார். "அப்ப இதப் படிங்க தம்பி, எங்க தப்புன்னு நான் காட்டுறேன்" என்றார்.