தண்ணியை அடைச்சவன் தண்ணியோடயே போனான்: ‘சுசுஸ் யாஸ்’ கிளைமாக்ஸ் விளக்கம்

[திரை: கருப்பு வெள்ளை. வாய்க்கால்ல தண்ணி ஓடுது.]

மேட்டுல இருந்து பள்ளத்துக்கு ஓடுற வாய்க்கால்ல ஒரு மனுஷனோட உடம்பு மிதந்து போகுது. துருக்கி இயக்குநர் மெதின் எர்க்சானோட ‘சுசுஸ் யாஸ்’ இப்படித்தான் முடியுது. பேருக்கு அர்த்தம், தண்ணியில்லாத கோடை. 1964-ல பெர்லின் திரைப்பட விழாவுல முதல் பரிசான தங்கக் கரடி வாங்கின படம். முடிவைப் பத்தி முழுசா பேசப்போறேன், அதனால படம் பார்க்காதவங்க பார்த்துட்டு வந்துடுங்க.

[திரை: ஊற்று. ஒஸ்மான் மடையை அடைக்கிறான்.]

ஒஸ்மான் புகையிலை விவசாயி. ஊருக்கே தண்ணி தர்ற ஊற்று அவன் நிலத்துல இருக்கு. என் மண்ணுல ஊறுது, அதனால எனக்கு மட்டும்தான்னு அடைச்சு வைக்கிறான். தம்பி ஹசனுக்கு இது தப்புன்னு தெரியும், வாய்விட்டும் சொல்றான். ஆனா அண்ணன் குரல் உசந்தா அடங்கிப் போயிடுவான். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கிளைமாக்ஸுக்கு சாவி இங்கதான் இருக்கு.

தண்ணித் தகராறுல ஒஸ்மான் ஊர்க்காரன் ஒருத்தனைச் சுட்டுக் கொன்னுடுறான். நீ சின்னவன், உனக்குத் தண்டனை கம்மியா கிடைக்கும்னு சொல்லி, பழியைத் தம்பி தலையில கட்டுறான். புதுசா கல்யாணமான ஹசன் அதுக்கும் தலையாட்டிட்டு ஜெயிலுக்குப் போறான்.

[திரை: பஹார்.]

வீட்டுல தம்பி பொண்டாட்டி பஹார் தனியா மாட்டிக்கிறா. பஹாரா நடிச்ச ஹுல்யா கோச்சியீட்டுக்கு இதுதான் முதல் படம், பதின்ம வயசுப் பொண்ணு. ஒஸ்மானா வர்ற எரோல் தாஷ், அவளைப் பார்த்துக்கிட்டே பசுவோட மடியில வாயை வெச்சுப் பால் குடிக்கிற ஒரு காட்சி இருக்கு. வசனமே கிடையாது, ஆனா பார்க்கிற நமக்கு உடம்பு கூசும். ஊற்று மேல என்ன பார்வையோ அதே பார்வைதான் இவ மேலயும். ஹசன் எழுதுற கடிதத்தையெல்லாம் ஒளிச்சு வைக்கிறான். அதே பேருல இன்னொரு கைதி செத்த செய்தி வந்ததும், உன் புருஷன் போயிட்டான்னு அவளை நம்ப வைக்கிறான்.

மண், தண்ணி, பொண்ணு, இது எனக்கே சொந்தம்னு மனுஷன் நினைக்கிறதைப் பத்தி எர்க்சான் எடுத்த மூணு படத்தைத் துருக்கியில உடைமை முப்படம்னு சொல்வாங்க. அதுல இது தண்ணியோட படம். ஆனா பொண்ணோட கதையும் இதுக்குள்ளயே இருக்கு.

[திரை: தண்ணிக்குள்ள அண்ணன் தம்பி.]

இப்போ கிளைமாக்ஸ். ஹசன் உயிரோட திரும்பி வர்றான். ஒஸ்மான் கையில துப்பாக்கி. ஹசன் அவனைத் தண்ணிக்குள்ள அமுக்கி, வெறுங்கையாலேயே கொல்றான். நிறைய பேர் இதைப் பொண்டாட்டிக்காக எடுத்த பழின்னு மட்டும் சொல்றாங்க. எனக்கு அது போதாது. செய்யாத கொலைக்கு ஏற்கெனவே ஜெயில் பார்த்தவன், இப்போ அந்தக் கொலையை நிஜமாவே செய்யறான். அன்னைக்கே மடையில குறுக்க நின்னிருந்தா ஊர்க்காரன் செத்திருக்க மாட்டான், பஹாருக்கு இந்த கதி வந்திருக்காது. அவன் சொல்லாம விட்ட ‘முடியாது’தான் இவ்வளவு லேட்டா, இந்த ரூபத்துல வருது. அதனாலதான் அவன் ஜெயிச்சுட்டான்னு என்னால கொண்டாட முடியலை.

எர்க்சானும் கொலையோட படத்தை முடிக்கலை. கேமரா உடம்பு பின்னாலயே போகுது. எந்த வாய்க்கால்ல ஒரு சொட்டு விடமாட்டேன்னு நின்னானோ, அதே வாய்க்கால் ஒஸ்மானைக் கொண்டுபோகுது. அவன் மேல புரள்ற தண்ணி, காஞ்சு கிடக்கிற கீழ் வயலுக்குப் போற தண்ணி.

ஆரம்பத்துல அண்ணன்கிட்ட ஹசன் கேட்டது இது ஒண்ணைத்தான், தண்ணியைக் கீழே விடச் சொல்லி.

[திரை: ஓடுற தண்ணி. இருட்டு.]