இருவருக்கும் நடுவே நிற்பது எது?

(ஒரு வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அண்மைக்கால குயர் காதல் நாவல்களைப் பற்றியும், பால்புதுமையர் பாத்திரங்களை நடுநாயகமாக வைத்து எழுதப்படும் மிகுபுனைவுகளை, அதாவது ஃபேண்டஸி கதைகளைப் பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். குயர் என்றாலும் பால்புதுமையர் என்றாலும் ஒன்றுதான்: ஒரே பாலினத்தவரைக் காதலிப்பவர்கள், திருநர் முதலானோர். ஒரு வாசகர் என்ற முறையில் பேசுகிறேன். பிடித்ததைப் பிடித்தது என்பேன், பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்பேன். வந்த புத்தகங்களை எல்லாம் அடுக்கிக்கொண்டே போனால் நேரம் போதாது. அதனால் ஒரே ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொள்கிறேன். இந்த வகை நாவல் எதை எடுத்தாலும் நான் முதலில் தேடுவது அதற்கான பதிலைத்தான்: காதலிக்கும் இந்த இருவரும் சேராமல் தடுப்பது எது?

காதல் கதைக்குத் தடை வேண்டும். தடை இல்லாவிட்டால் இரண்டாம் பக்கத்திலேயே கதை முடிந்துவிடும். ஒரே பாலினத்தவர் இருவரின் காதலை எழுதியவர்களுக்கு அந்தத் தடை நெடுங்காலம் தயாராகவே கிடைத்தது. சட்டம், மதம், குடும்பம், ஊரார் தூற்றும் அலர். முடிவும் ஏறக்குறைய தயாராக இருந்தது: இருவரில் ஒருவர் சாக வேண்டும், அல்லது மனம் பேதலிக்க வேண்டும், அல்லது 'திருந்தி'க் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். எழுத்தாளர்களின் மனச்சோர்வுதான் இதற்குக் காரணம் என்று எண்ண வேண்டாம். அச்சில் வருவதற்கே அது நிபந்தனையாக இருந்தது. 1952-இல் அமெரிக்காவில் மாரிஜேன் மீக்கர், வின் பேக்கர் என்ற புனைபெயரில் 'ஸ்பிரிங் ஃபயர்' நாவலை எழுதினார். இரண்டு பெண்களின் காதல் இன்பமாக முடிந்தால் அஞ்சல் துறை புத்தகத்தை முடக்கிவிடும், ஆகவே அப்படி முடிக்கக் கூடாது என்று பதிப்பாளர் தரப்பு சொல்லிவிட்டது. அதே ஆண்டில் பட்ரீசியா ஹைஸ்மித் 'தி பிரைஸ் ஆஃப் சால்ட்' நாவலை வேறு பெயரில் வெளியிட்டார். இரு பெண்களும் சேர்ந்து வாழலாம் என்ற நம்பிக்கையோடு அது முடிகிறது. அதில் அவருடைய சொந்தப் பெயர் ஏறியது 1990-இல். இ.எம். ஃபார்ஸ்டர் அதற்கும் முன்னோடி. 'மாரிஸ்' நாவலை 1913-14-இல் எழுதியபோதே, இது மகிழ்ச்சியாகத்தான் முடிய வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டார். அந்த ஒரு தீர்மானத்துக்காகவே நாவல் பெட்டிக்குள் கிடந்தது. அவர் 1970-இல் காலமானார். 'மாரிஸ்' 1971-இல் வெளிவந்தது.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன் என்றால், இன்றைய குயர் காதல் நாவல்களில் வரும் இன்ப முடிவை மலிவான சமாச்சாரம் என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. ஒருவர் ஐம்பத்தேழு ஆண்டு காத்திருந்தும் தன் கண்ணால் அச்சில் பார்க்க முடியாமல் போன முடிவு அது. அதைக் கேட்டு வாங்கும் உரிமை வாசகருக்கு உண்டு.

இனி மிகுபுனைவுக்கு வருகிறேன். மிகுபுனைவில் உலகத்தையே எழுத்தாளர் படைக்கிறார். சட்டமும் அவர் கையில், சாமியும் அவர் கையில். இரண்டு ஆண்கள் காதலித்தால் யாரும் புருவத்தைக்கூட உயர்த்தாத ஒரு நகரத்தை எலன் குஷ்னர் 1987-லேயே 'ஸ்வோர்ட்ஸ்பாயிண்ட்' நாவலில் படைத்துவிட்டார். கடந்த சில ஆண்டுகளில் அது ஏறக்குறைய வழக்கமாகவே ஆகியிருக்கிறது. மனசுக்கு நிறைவாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வெறுப்பை உலகத்திலிருந்து எடுத்துவிட்ட கணமே, இத்தனை காலம் தயாராகக் கிடைத்த தடையும் போய்விடுகிறது. அப்போது அந்த இருவரையும் பிரித்து வைப்பது எது? எழுத்தாளரின் உண்மையான கைத்திறன் தெரிவது இங்கேதான்.

தொல்காப்பியம் அகப்பாட்டின் பொருளை மூன்றாகப் பிரிக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தின் தெய்வம், மரம், விலங்கு, பறவை, தொழில் எல்லாம் கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்ற ஒழுக்கங்கள் உரிப்பொருள். முதலைவிடக் கருவும் கருவைவிட உரியும் சிறந்தவை என்று உரையாசிரியர்கள் விளக்குவார்கள். இன்றைய மிகுபுனைவை இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் எனக்கு நிறைய துலங்குகிறது. வரைபடம், டிராகன், மந்திர விதிகள், அரச வம்சப் பட்டியல் என்று முதலும் கருவும் பல நாவல்களில் வண்டி வண்டியாகக் குவிந்து கிடக்கின்றன. உரிப்பொருள் மட்டும் ஒல்லியாக இருக்கிறது.

உரியும் கருவும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும் நாவலுக்கு நான் காட்டும் முதல் உதாரணம் சமந்தா ஷானன் எழுதிய 'தி பிரையரி ஆஃப் தி ஆரஞ்சு ட்ரீ'. 2019-இல் வந்தது, 800 பக்கங்களுக்கு மேல். ஈனிஸ் நாட்டின் அரசி சப்ரான். அவளுடைய வம்சம் அறுபடாமல் இருக்கும்வரை, பெயரற்றவன் எனப்படும் மாபெரும் டிராகன் மீண்டும் எழ மாட்டான் என்பது அந்த நாட்டின் மதம். ஆகவே அவள் ஒரு மகளைப் பெற்றே ஆக வேண்டும். அவளைக் காக்க அரண்மனைப் பணிப்பெண்ணாக வேடமிட்டு வந்திருப்பவள் ஈயட். ஈயட் வளர்ந்த மடத்தில் அதே பழங்கதையை நேர்மாறாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். டிராகனை வென்றது சப்ரானின் மூதாதை இல்லை, ஒரு பெண் என்று. பெண்ணும் பெண்ணும் காதலிப்பதை அந்த நாட்டில் யாரும் குற்றம் சொல்லவில்லை. ஆனாலும் எத்தனை பெரிய தடை பாருங்கள்! ஒருத்தியின் கருப்பை நாட்டுக்குச் சொந்தம். அவள் உயிராக நம்பும் வரலாறு பொய் என்று அவளைக் காதலிப்பவளுக்குத் தெரியும், சொல்லவும் முடியாது. டிராகனை எடுத்துவிட்டால் இந்தக் காதலே நிற்காது. முதல், கரு, உரி மூன்றும் ஒரே கயிறாகத் திரிக்கப்பட்டிருக்கின்றன. கடைசிப் போரை அவசர அவசரமாக முடித்துவிட்டார் என்பது என் குறை. அத்தனை பக்கம் காத்திருந்தவர்களுக்கு அது போதாது.

எவரினா மேக்ஸ்வெல் 2021-இல் எழுதிய 'விண்டர்ஸ் ஆர்பிட்' விண்வெளிப் பேரரசு ஒன்றில் நடப்பது. அந்த உலகில் அணிந்திருக்கும் ஆபரணம் எதனால் செய்யப்பட்டது என்பதை வைத்து ஒருவரின் பாலினத்தை அறிந்துகொள்கிறார்கள். அழகான கற்பனை, அதற்காக நூலாசிரியர் ஒரு பத்தி விளக்கம்கூட எழுதுவதில்லை. கீம் என்ற இளவரசனுக்கும், கணவனை அண்மையில் விபத்தில் இழந்த ஜைனான் என்பவனுக்கும் அரசியல் உடன்படிக்கைக்காகத் திருமணம் நடக்கிறது. இருவரும் ஒருவரை ஒருவர் தப்பாகவே புரிந்துகொள்கிறார்கள். பொதுவாக இந்த மாதிரி 'தப்பாகப் புரிந்துகொண்டான்' கதை என்றால் எனக்குப் பொறுமை போய்விடும். உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசினால் தீர்ந்துவிடுமே என்று தோன்றும். இங்கே அப்படித் தோன்றவில்லை. ஜைனான் எதற்கும் அனுமதி கேட்கிறான். செய்யாத தப்புக்கும் மன்னிப்புக் கேட்கிறான். தன் விருப்பத்தைச் சொல்லவே அஞ்சுகிறான். கீம் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு விலகி நிற்கிறான். முதல் திருமணத்தில் ஜைனான் பட்ட கொடுமை என்ன என்பது நமக்கு மெல்ல மெல்லத்தான் தெரியவருகிறது. ஆணும் ஆணும் மணந்துகொள்வது சர்வசாதாரணமாக இருக்கும் உலகத்திலும் வீட்டுக்குள் வன்முறை இருக்கும், அடிபட்டவர் வாயடைத்துப் போவார் என்று இந்த நாவல் நேராகச் சொல்கிறது. சமத்துவம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற சுலபமான ஆறுதலை அது தரவில்லை. அதனாலேயே அதன் மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

அமல் எல்-மோத்தாரும் மேக்ஸ் கிளாட்ஸ்டோனும் சேர்ந்து 2019-இல் எழுதிய 'திஸ் இஸ் ஹவ் யூ லூஸ் தி டைம் வார்' ஒரு குறுநாவல். காலத்தை மாற்றி மாற்றிப் போரிடும் இரண்டு தரப்புகள். ரெட் ஒரு தரப்பின் உளவாளி, புளூ மறுதரப்பின் உளவாளி. முதலில் ஒருவரை ஒருவர் சீண்டிக் கடிதம் எழுதுகிறார்கள், பிறகு அது காதலாகிறது. நேரில் சந்திக்க வழியில்லை. கடிதம் மரத்தின் வளையங்களில் எழுதப்பட்டு வருகிறது, படித்ததும் அழிந்துபோகிறது. தூதும் பிரிவும் ஒன்றாகக் கலந்த அகப்பாட்டாகவே இதை நான் வாசித்தேன். போர் எதற்காக, உலகம் எப்படி இயங்குகிறது என்பதையெல்லாம் நூல் முழுதாக விளக்குவதே இல்லை. முதலையும் கருவையும் கோட்டோவியமாக விட்டுவிட்டு உரியை மட்டும் நிறைத்து எழுதியிருக்கிறார்கள். அறிபுனைவுக்கும் மிகுபுனைவுக்கும் தரப்படும் ஹியூகோ, நெபுலா இரண்டு விருதுகளும் 2020-இல் கிடைத்தன. 2023 மே மாதத்தில் ட்விட்டரில் ஒரு வாசகர், எதையும் விசாரிக்காமல் உடனே வாங்கிப் படியுங்கள் என்று எழுதப்போக, வெளிவந்து நான்கு ஆண்டு ஆன இந்தக் குறுநாவல் மீண்டும் விற்பனைப் பட்டியலின் உச்சிக்கு ஏறியது. வாசகர் வாய்ச்சொல்லுக்கு இன்னமும் அந்த வலிமை இருக்கிறது.

துன்பமான முடிவே கூடாதா என்று சிலர் கேட்பார்கள். கூடும். ஷெல்லி பார்க்கர்-சான் எழுதிய 'ஷீ ஹூ பிகேம் தி சன்' (2021) பதினான்காம் நூற்றாண்டுச் சீனத்தை மறுகற்பனை செய்கிறது. அதில் ஓயாங் என்ற தளபதி. அவன் குடும்பத்தையே கொன்றொழித்து, அவனை ஆண்மை நீக்கி அண்ணகனாக்கிய ஆளின் மகன் எசென். ஓயாங் எசெனுக்குத்தான் உயிர்த் துணை, அவன் காதலும் எசென் மேல்தான், தீர்க்க வேண்டிய பழியும் அந்த வீட்டின் மேல்தான். இந்தக் கதை நல்லபடியாக முடியாது என்பது பாதியிலேயே தெரிந்துவிடுகிறது. ஆனாலும் பழைய நாவல்களில் வந்த கசப்பு இதில் எனக்கு வரவில்லை. அங்கே காதலித்ததற்காகத் தண்டனை கிடைத்தது. இங்கே ஓயாங் தான் எடுத்த முடிவால் அழிகிறான்.

இனிப் பிடிக்காதது. டி.ஜே. குளூன் எழுதிய 'தி ஹவுஸ் இன் தி செருலியன் சீ' (2020) பெருவாரியான வாசகர்களின் செல்லப் புத்தகம். நாற்பது வயது அரசு ஊழியர் லைனஸ், தீவு ஒன்றில் மந்திர சக்தி உள்ள ஆறு குழந்தைகள் வாழும் இல்லத்தைச் சோதனையிடப் போகிறார், அதன் பொறுப்பாளர் ஆர்தர் மீது காதல் கொள்கிறார். குழந்தைகள் வரும் இடமெல்லாம் இனிமை. நடுத்தர வயதுக்காரரை, தொந்தி உள்ளவரைக் காதல் நாயகனாக்கியதற்கும் நன்றி. ஆனால் லைனஸுக்கும் ஆர்தருக்கும் நடுவே உருப்படியாக எதுவுமே நிற்கவில்லை. அதோடு, கனடாவில் பழங்குடிக் குழந்தைகளைக் குடும்பங்களிலிருந்து பறித்து வேற்று வீடுகளுக்குக் கொடுத்த வரலாற்றைப் படித்ததும் இந்நாவலுக்கு ஒரு தூண்டுதல் என்று ஆசிரியரே சொல்லியிருக்கிறார். அத்தனை பெரிய கொடுமையை நல்ல மனிதர் ஒருவரின் மனமாற்றத்தால் தீர்ந்துபோகும் கதையாக்கலாமா என்று பலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அது நியாயமான எதிர்ப்பு என்றே நினைக்கிறேன்.

விற்கும் விதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'எதிரிகள் காதலராவார்கள்', 'இருவருக்கும் ஒரே கட்டில்', 'பொய்க் கல்யாணம்' என்று அட்டவணை போட்டே புத்தகத்தை விளம்பரம் செய்கிறார்கள். விருப்பமானதைத் தேடி எடுக்க அது உதவும், சரி. இப்போது அந்த அட்டவணையை நிரப்புவதற்காகவே எழுதியது போன்ற நாவல்கள் வருகின்றன. கட்டில் இருக்கிறது, அதில் படுக்கும் இரண்டு பேரும் யார் என்று தெரியவில்லை.

எல்லா உலகங்களிலிருந்தும் வெறுப்பைத் துடைத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ரைகா அயோக்கியின் 'லைட் ஃப்ரம் அன்காமன் ஸ்டார்ஸ்' (2021) நாவலில் கத்ரீனா என்ற திருநங்கை வயலினோடு வீட்டை விட்டு ஓடி வருகிறாள். பேய்க்கு ஆன்மாக்களைத் தருவதாக ஒப்பந்தம் செய்துகொண்ட வயலின் ஆசிரியை சடோமி அவளுக்கு இடம் தருகிறாள். வேற்றுக்கிரகத்திலிருந்து தப்பி வந்து டோனட் கடை நடத்தும் லான் மீது சடோமிக்குக் காதல் வருகிறது. இத்தனை விசித்திரத்துக்கு நடுவே கத்ரீனா மீது தெருவில் விழும் பார்வையை மட்டும் ஆசிரியர் கொஞ்சமும் மழுப்பவில்லை. அவள் வயலின் வாசிக்கும் பக்கங்களை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

எனக்கு இன்னும் கிடைக்காதது மருதம், ஊடலை உரிப்பொருளாகக் கொண்ட திணை. புணர்தலோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். சேர்ந்தபின் வரும் ஊடல், சலிப்பு, மறுபடி ஒருவரை ஒருவர் தேர்ந்தெடுப்பது, இதையெல்லாம் எழுதுவோர் குறைவு. தாஷா சூரியின் 'தி ஜாஸ்மின் த்ரோன்' (2021) தொடங்கி 2024 வரை வந்த மூன்று நாவல்களும் அந்தப் பக்கமாகக் கொஞ்ச தூரம் போகின்றன. முதல் பாகத்துக்கு 2022-இல் உலக மிகுபுனைவு விருது கிடைத்தது. தீயில் இறங்க மறுத்ததற்காகச் சிறைவைக்கப்பட்ட இளவரசி மாலினி, அங்கே வேலைக்காரியாக வரும் பிரியா. மாலினி சொல்லும் ஒவ்வொரு கனிவான சொல்லிலும் ஒரு கணக்கு இருக்கிறது, பிரியாவுக்கும் அது தெரியும், தெரிந்தே நெருங்குகிறாள். பிறகு ஒருத்தி பேரரசின் பக்கம், மற்றவள் அந்தப் பேரரசு மிதித்த மண்ணின் பக்கம். இரண்டாம் பாகத்தின் முடிவில் நடப்பதை இங்கே சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகும் இருவரும் சேர முடியுமா என்பதற்கு மூன்றாம் பாகம் சொல்லும் பதிலை நான் ஏற்றுக்கொண்டேன். ஏற்காதவர்கள் இந்த அவையில் இருந்தால், ஏன் என்று கேட்க எனக்கு மிகவும் ஆவல். பேசுங்கள்.

நன்றி, வணக்கம்.