மீனும் பாலும் இருக்கட்டும், முன்பு சாப்பிட்டது செரித்ததா?

அனைவருக்கும் வணக்கம். மீன் சாப்பிட்ட அன்று பால் குடிக்காதே, தேனைச் சூடாக்காதே என்ற பட்டியல்கள் உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் 'விஷமாகிவிடும்' என்றொரு மிரட்டல். அந்த மிரட்டல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. மூல நூல் இவ்வளவு பதறவில்லை.

ஆயுர்வேதத்தில் இதற்கு விருத்த ஆகாரம், அதாவது முரணான உணவு, என்று பெயர். இதைச் சொல்லும் மூல நூல், சரகர் பெயரில் வழங்கும் பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை. அதில் சூத்திரஸ்தானம் என்ற பகுதி, 26-ஆம் அத்தியாயம். அங்கே 18 வகை முரண்கள் வருகின்றன. உணவோடு உணவு சேராதது அவற்றில் ஒன்றுதான். இடத்துக்கு ஒவ்வாதது, பருவத்துக்கு ஒவ்வாதது, உண்பவரின் அக்னிக்கு, அதாவது செரிக்கும் சக்திக்கு, ஒவ்வாதது என்று மற்றவை நீள்கின்றன. தேனும் நெய்யும் சேரலாம். சம அளவில் சேரக் கூடாது. அங்கே பிரச்சினை அளவுதான். மீனும் பாலும் வேறு விஷயம். இரண்டுக்கும் இனிப்புச் சுவை என்றாலும் பால் குளிர்ச்சி, மீன் சூடு. அந்த முரணால் இரத்தம் கெடும், உடலின் பாதைகள் அடைபடும் என்பது அந்த நூலின் கணக்கு.

இதிலிருந்துதான் வெண்புள்ளி வரும் என்ற பயமும் பரவியிருக்கிறது. உடலின் எதிர்ப்பு சக்தியே தோலின் நிறமிச் செல்களைத் தாக்குவதால் வருவது வெண்புள்ளி என்கிறது இன்றைய மருத்துவம். அது வந்தவரிடம் போய் "எதை எதோடு சாப்பிட்டாய்?" என்று கேட்காதீர்கள். அது மிகவும் புண்படுத்தும் கேள்வி.

அதே அத்தியாயம் விலக்கும் தருகிறது. பழகிய உணவு, கொஞ்சமாக உண்பது, நல்ல பசித்தீ, இளமை, உடற்பயிற்சி செய்த உடல்: இவை இருந்தால் முரணான உணவும் கெடுதல் செய்யாமல் போகும். பட்டியல் போடுபவர்கள் இந்த வரியை ஏன் விட்டுவிடுகிறார்கள்?

என்னைக் கேட்டால், நாம் அன்றாடம் செய்யும் பெரிய தவறு அத்யசனம். முன்பு உண்டது செரிக்கும் முன்பே அதன்மேல் மறுபடி உண்பது. மாலைச் சிற்றுண்டி வயிற்றில் கிடக்கும்போதே இரவுச் சாப்பாடு! வள்ளுவரும் 944-ஆம் குறளில் முன்பு உண்டது அற்றதா என்று அறிவதைத்தான் முதலில் வைக்கிறார். மாறுபாடில்லாத உணவு அடுத்துத்தான் வருகிறது, அதையும் நன்றாகப் பசித்த பிறகு உண்ணச் சொல்கிறார்.

செரித்துவிட்டதை எப்படி அறிவது? ஏப்பத்தில் பழைய உணவின் வாடையோ புளிப்போ இருக்காது, உடல் லேசாக இருக்கும், உண்மையான பசி எடுக்கும். இந்த மூன்று அறிகுறிகளும் தெரியும்வரை கொஞ்சம் பொறுங்கள். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

பால் குடித்தாலே வயிறு உப்புகிறதா? மீனைக் குற்றம் சொல்லும் முன் பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்கிறதா என்று பாருங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எதோடும் கூடாது, தனியாகவும் கூடாது. பாட்டுலிசம் என்ற கடுமையான நச்சு நோய் வரக்கூடும்.

இரவில் தயிர் சாப்பிடலாமா என்பதற்குத் தனியாகவே ஒரு காணொளி வேண்டும். நெய், சர்க்கரை, பாசிப்பயறு, தேன், நெல்லிக்காய் என்று சரகர் அதற்குத் துணை சேர்க்கச் சொல்வதிலேயே பேச நிறைய இருக்கிறது. அடுத்த முறை அதைப் பார்ப்போம். நன்றி.