ஒரே பீ.எச்., இரண்டு மண்: கோப்பாய்க் காணியும் கைதடிக் காணியும்

வணக்கம். யாழ்ப்பாணத்து மண்வகைகள் பற்றிய சென்ற பதிவுக்குப் பின்னர் பல சந்தேகங்கள் வந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொண்டு விரிவாக விளக்கலாம் என்று நினைக்கிறேன். சகோதரி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "எங்களுக்குக் கோப்பாயில் செம்பாட்டுத் தோட்டக்காணி ஒன்றும், உப்பாற்றுக்கு அந்தப் பக்கம் கைதடியில் தாழ்வான காணி ஒன்றும் உண்டு. இரண்டிலும் மேல்மண் எடுத்து ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தோம். இரண்டுக்கும் பீ.எச். 7.8 என்று வந்திருக்கிறது. அப்படியென்றால் இரண்டும் ஒரே வகை மண்தானா? மண்ணின் வகையை அறிய ஆய்வுகூட அறிக்கை போதாதா? மழைக் கணக்கும் நிலத்தின் ஏற்ற இறக்கமும் எதற்கு?"

இல்லை, சகோதரி, அவை ஒரே வகை மண் அல்ல. பீ.எச். என்பது மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்: 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். அறிக்கையில் உள்ள எண் பிழையென்று நான் சொல்ல வரவில்லை. அது எந்த ஆழத்து மண், எந்த மாதத்தில் எடுத்தது, அந்தக் காணியில் நீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்ற விபரங்கள் இல்லாமல் 7.8 என்ற எண்ணுக்குத் தனியாக ஒரு பொருளும் இல்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலில் கோப்பாய்க் காணியைப் பார்ப்போம். கோப்பாய் அடங்கிய வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணுக்கு மண்ணியலில் 'கல்சிய சிவப்பு மஞ்சள் லற்றசோல்' என்று பெயர். 1961ஆம் ஆண்டில் மண்ணியலாளர்களான மூர்மன், பானபொக்கே ஆகிய இருவரும் இலங்கை மண்களைப் பெருமண் கூட்டங்களாக வகுத்தபோது இது தனிக் கூட்டமாக இடம்பெற்றது. இந்த மண்ணில் ஒரு முரண் இருக்கிறது. அதன் களி, அதாவது மிக நுண்ணிய துகள்கள், பெரும்பாலும் கயோலினைற்று என்ற கனிப்பொருள். நிறத்தைக் கொடுப்பது இரும்பு ஒட்சைட்டு. இரண்டும் நீண்ட காலம் வானிலையால் அழிந்து தேய்ந்த மண்ணின் அடையாளங்கள். மழை மிகுந்த ஈரவலயத்தில் இவ்வளவு தேய்ந்த மண் கல்சியம், மகனீசியம் எல்லாவற்றையும் இழந்து அமிலமாகி நிற்கும். நம்முடைய செம்பாடோ நடுநிலையாகவோ சற்றுக் காரமாகவோ இருக்கிறது. முதிர்ந்த மண் ஏன் அமிலமாகவில்லை என்ற கேள்விக்கு விடை மண் மாதிரிப் பையினுள் இல்லை. அடியில் கிடக்கும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லிலும், வருடத்தில் மூன்று நான்கு மாதங்களுக்குள் கொட்டி முடிந்துவிடும் மழையிலும், தோட்டக்காரர் இறைக்கும் கிணற்று நீரிலும்தான் அது இருக்கிறது.

கிணற்று நீரைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். நமது கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கிய நீர். கல்சிய இருகாபனேற்று நிறைந்தது. கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிவதைத் தினமும் பார்க்கிறோம் அல்லவா, அதே பொருள்தான் பாத்தியிலும் படிகிறது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் சில நாட்களுக்கொரு முறை என்று தலைமுறை தலைமுறையாக இறைத்து வந்த தோட்டத்தின் மேல்மண்ணை எடுத்துக் கொடுத்தால், ஆய்வுகூடம் அளப்பது இயற்கை தந்த மண்ணோடு கிணறு சேர்த்ததையும் சேர்த்துத்தான். காற்றோடு தொடர்புள்ள கல்சியம் காபனேற்று, மண்ணின் பீ.எச். பெறுமானத்தை ஏறத்தாழ 8.2 அல்லது 8.3 வரைதான் உயர்த்தும். அதற்குள் நிற்கும் 7.8 செம்பாட்டுத் தோட்டத்துக்கு வியப்பான எண் அல்ல. ஆனால் அந்த எண் மண்வகையைச் சொல்கிறதா, இறைப்பின் வரலாற்றைச் சொல்கிறதா என்று பிரித்தறிய, ஒருபோதும் இறைக்காத வேலியோரத்திலோ கோயில் வளவிலோ அதே ஆழத்தில் இன்னொரு மாதிரி எடுத்து ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, குழி. மண்வகை என்பது மேற்பரப்பின் பெயர் அல்ல. மேலிருந்து கீழ்வரை அடுக்கடுக்காக உள்ள படைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இடப்படும் பெயர். காங்கேசன்துறைப் பக்கம் சுண்ணாம்புக்கல் அகழ்ந்த குழிகளின் வெட்டுமுகத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மேலே சிவப்பு, கீழே வெள்ளை. நடுவில் படிப்படியான மாற்றம் இல்லை, வெட்டிவைத்தாற்போன்ற எல்லை. அந்த எல்லையும் நேர்கோடாக இராது. ஓரிடத்தில் முழங்கால் ஆழத்தில் கல் தலைகாட்டும். சில அடி தள்ளி, கல் கரைந்து உண்டான பள்ளத்துக்குள் செம்மண் ஆளுயரத்துக்கும் மேலாக இறங்கி நிற்கும். ஆகவே ஒரே தோட்டத்தில் அலவாங்கு போட்ட இரண்டு இடங்களில் இரண்டு ஆழம் காண்பது இயல்பு, அதைக் குறித்துவைப்பதும் தரவுதான்.

குழியின் சுவரில் ஒவ்வொரு படையிலும் பத்துவீத ஐதரோகுளோரிக் அமிலம் சில துளிகள் விட்டுப் பாருங்கள். நல்ல செம்பாட்டில், இறைப்பின் தாக்கம் இல்லாத நடுப்படைகள் பெரும்பாலும் பேசாமல் இருக்கும். கல்லை நெருங்கும்போது, கல்துண்டு கலந்த இடத்தில் சளசளவென்று நுரைக்கும். இந்த ஒரு சோதனை, சுண்ணாம்பு மண்ணின் உடலெங்கும் பரவியிருக்கிறதா, அல்லது கீழே கல்லிலும் மேலே இறைத்த படையிலும் மட்டும் இருக்கிறதா என்பதைக் காட்டிவிடும்.

அந்தச் செம்மண் எங்கிருந்து வந்தது என்பதும் சுவையான கேள்வி. சுண்ணாம்புக்கல் கரையும்போது கரையாமல் எஞ்சும் பொருள் மிகச் சிறிய பங்கு. ஒரு மீற்றர் செம்மண் அப்படி எஞ்சியதென்றால் அதற்குப் பல மீற்றர் கல் கரைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் காற்றோ நீரோ வேறிடத்திலிருந்து கொண்டுவந்த பொருளும் சேர்ந்திருக்க வேண்டும். மணற்பருக்கைகளின் அளவையும் கனிப்பொருளையும் கல்லின் எச்சத்தோடு ஒப்பிடும்போதுதான் ஆய்வுகூடம் இதற்குள் உண்மையாகப் பயன்படத் தொடங்குகிறது.

ஆய்வுகூட எண்களிலும் முறை தெரியாமல் வாசித்தால் ஏமாற்றமே. செம்பாட்டு மண்ணில் இரும்பு ஒட்சைட்டுகள் களித்துகள்களைச் சிறு உருண்டைகளாக ஒட்டிவைத்திருக்கின்றன. கையில் பிசைந்தால் மணல் கலந்த மண் போலத் தெரியும். ஆய்வுகூடத்தில் அதைச் சரியாகப் பிரித்தெடுக்காமல் அளந்தால் களி குறைவென்று வரும். நன்றாகக் குலுக்கிப் பிரித்தால் களி வீதம் வெகுவாக உயரும். பெருமழையிலும் செம்பாட்டில் நீர் தேங்காமல் இறங்கிவிடுவதற்கு இந்த உருண்டைகளே காரணம். அடிக்கடி இறைக்க வேண்டியிருப்பதற்கும், போட்ட உரத்தின் நைத்திரேற்று வேர் எட்டாத ஆழத்துக்குக் கழுவப்பட்டுத் தரைக்கீழ் நீரைச் சேர்வதற்கும் அதே குணந்தான் வழி. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. வலிகாமத்துத் தோட்டப் பகுதிகளில் அதை மிஞ்சிய கிணறுகள் இருப்பது பல காலமாக அறியப்பட்ட செய்தி. மண்வகையை அறிவது படிப்புக்கான விடயம் மட்டுமே என்று நினைப்பவர்கள் இதைக் கவனத்தில் எடுக்க வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

களியின் தன்மையை அறிய, கல்சியம், மகனீசியம் போன்ற நேரேற்ற அயன்களை மண் பிடித்து வைக்கும் அளவான கற்றயன் மாற்றுக் கொள்ளளவைக் களி வீதத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, கீழ்ப்படையில் களி 45 வீதம், கொள்ளளவு கிலோவுக்கு 6 சென்ரிமோல் என்று வைத்துக்கொள்வோம். நூறு வீதக் களிக்கு அது ஏறத்தாழ 13 ஆகிறது. 16க்குக் கீழே வந்தால் அது செயற்பாடு குறைந்த, தேய்ந்த களி என்பது சர்வதேச வகைப்பாட்டின் அளவுகோல். இதே கணக்கை மேல்மண்ணில் போட்டால் எரு, புதைத்த பூவரசந்தழை ஆகியவற்றின் சேதனப் பொருளும் கொள்ளளவைக் கூட்டிக் காட்டும்; களியின் குணம் மறைந்துவிடும். இன்னொன்று, இந்தக் கொள்ளளவை அளக்கப் பயன்படும் அமோனியம் அசற்றேற்றுக் கரைசல் மண்ணில் உள்ள சுண்ணாம்பையும் ஓரளவு கரைக்கும் என்பதால், நுரைக்கும் மண்ணில் கல்சியம் கொள்ளளவையே மிஞ்சி வரக்கூடும். அப்படி ஓர் எண்ணைக் கண்டால் பயப்பட வேண்டாம். அங்கே சுண்ணாம்பு இருக்கிறது என்பதே அதன் பொருள். பொசுபரசுக்கும் இப்படித்தான்: அமில மண்ணுக்கு ஏற்ற பிறே முறையைச் சுண்ணாம்பு மண்ணில் பயன்படுத்தினால் சுண்ணாம்பே அமிலத்தைத் தின்றுவிடும், ஓல்சன் முறையைக் கேட்டு வாங்குங்கள்.

இனி உப்பாறு என்ற கடனீரேரியைக் கடந்து கைதடிக்குப் போவோம். உரும்பிராயிலிருந்து கிழக்கே கோப்பாய் வழியாகக் கைதடிப் பாலம் வரை சைக்கிளில் போகிறவர், ஏற்ற இறக்கம் என்று சொல்லத்தக்க எதையும் காணமாட்டார். குடாநாடு அவ்வளவு தட்டையானது. ஆனாலும் கண் திறந்து போனால் மண் மாறுவது தெரியும். சிவப்பு மங்கிப் பழுப்பாகும். தோட்டங்கள் முடிந்து வெளி தொடங்கும். பின்னர் ஆங்காங்கே வெள்ளை உப்புப் பொருக்குத் தட்டிய தரவை (வெறும் உவர்நிலம்) வரும். ஒன்றிரண்டு மீற்றர் உயர வித்தியாசம் மலைநாட்டில் ஒன்றுமில்லை. இங்கே அதுதான் நன்னீரையும் உவர்நீரையும் பிரிக்கும் எல்லை. நில அமைப்புத் தரவு எதற்கு என்ற உங்கள் கேள்விக்கு இதைவிட நேரடியான விடையை என்னால் காட்ட முடியாது. அரியாலையிலும் தொண்டைமானாற்றிலும் தடுப்பணைகள் கட்டியது, கடல்நீரைத் தடுத்து மழைநீரால் இந்த ஓரங்களின் உவர்ப்பைக் கழுவத்தான். ஆகவே அணையின் கதவு எந்த நிலையில் இருக்கிறது என்பதும் அந்தக் காணியின் மண் தரவில் அடங்கும்.

கைதடிக் காணியின் 7.8 வேறு காரணத்தால் வந்திருக்கக்கூடும். சோடியம் மிகுந்த மண்ணில் பீ.எச். 8.5க்கு மேலே போகும் என்று படித்திருப்பீர்கள். ஆனால் கரையும் உப்பு நிறைய இருக்கும் வரை அந்த உப்பே பீ.எச். பெறுமானத்தைக் கீழே பிடித்து வைத்திருக்கும். மாரி மழை உப்பைக் கழுவிக்கொண்டு போன பிறகு சோடியம் மட்டும் களியில் ஒட்டி நின்றால், பீ.எச். ஏறும், களி கலைந்து சேறாகும், காய்ந்ததும் பாறைபோல் இறுகும். எனவே அங்கே பார்க்க வேண்டியவை, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனும், களியில் ஒட்டிய சோடியத்தின் பங்கைக் காட்டும் மாற்றீட்டுச் சோடிய வீதமும். நிரம்பிய பசைச் சாற்றில் (மண்ணை நீரூற்றிப் பசையாக்கி வடித்த சாறு) மின்கடத்துதிறன் மீற்றருக்கு 4 டெசி சீமன்சுக்கு மேல் என்றால் உவர்மண். சோடியம் 15 வீதத்தை மிஞ்சினால் சோடிய மண். ஒன்றுக்கு ஐந்து என்று நீர் கலந்து அளந்த எண்ணை இந்த 4 உடன் நேரே ஒப்பிடக்கூடாது. அது பல மடங்கு குறைவாகவே வரும். உங்கள் அறிக்கையில் எந்த முறை என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வொக்லி-பிளாக் முறையில் அளந்த சேதனக் காபனும் உவர்மண்ணில் குளோரைட்டினால் கூடித் தெரியும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலநிலைக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழை 1750 மில்லிமீற்றர் என்ற உலர்வலய எல்லைக்கு மிகக் கீழே நிற்கிறது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடையோடு வந்துவிடும். மற்ற மாதங்களில் மண் இழக்கும் ஈரம் வருகிற மழையைவிட அதிகம். சோளகம் வீசும் ஆனி, ஆடியில் இது உச்சம். ஆண்டுத் தொகையை மட்டும் பார்த்தால் இது தெரியாது. மாதவாரி மழையையும், மண்ணும் செடிகளும் ஆவியாக விடும் நீரான ஆவியுயிர்ப்பையும் பல ஆண்டுகளுக்குப் பக்கத்தில் பக்கமாக வைத்து, மண் எத்தனை நாள் காய்ந்து கிடக்கிறது என்று கணக்கிட வேண்டும். மண் வகைப்பாட்டில் 'அஸ்ரிக்' எனப்படும் (பருவத்தில் ஈரமும் மற்றக் காலத்தில் வறட்சியும் உள்ள) ஈரப்பத நிலைக்கு, சாதாரண ஆண்டில் மொத்தமாக 90 நாளோ அதற்கு மேலோ மண் காய்ந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இறைத்துக்கொண்டே இருக்கும் தோட்டத்தில் குழி வெட்டி இதைக் காண முடியாது. வகைப்பாடும் இறைக்காத நிலையைத்தான் கேட்கிறது. அதனால்தான் வானிலை நிலையத்தின் பதிவுகள் இல்லாமல் மண்ணின் முழுப் பெயரை எழுத முடியாது. வெப்பநிலையில் நமக்குச் சிக்கல் இல்லை. 50 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஆண்டுச் சராசரி 22 பாகைக்கு மேல், பருவ வித்தியாசம் குறைவு, அவ்வளவுதான்.

ஆகவே, சகோதரி, இப்போது செய்யக்கூடியது இது. கோப்பாயில் இறைக்கும் இடத்தில் ஒன்றும் இறைக்காத இடத்தில் ஒன்றுமாக, கல் தட்டும் வரை அல்லது ஒன்றரை மீற்றர் வரை குழி வெட்டி, நிறமோ இறுக்கமோ மாறும் ஒவ்வொரு படையிலும் தனித்தனிப் பையில் மண் எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து ஒரு பையில் போட வேண்டாம். மண் ஏற்றி உயர்த்திய காணி என்றால் அதையும் பையில் எழுதுங்கள். கைதடியில் ஆவணி கடைசியில், முதல் மழைக்கு முன்னர் ஒரு தடவையும், தை மாதத்தில் மாரி ஓய்ந்ததும் அதே இடத்தில் அதே ஆழங்களில் இன்னொரு தடவையும் எடுங்கள். குழியில் நீர் ஊறினால் எத்தனை அடியில் ஊறியது என்று குறித்து, அந்த நீரையும் ஒரு சிறு போத்தலில் கொடுத்து மின்கடத்துதிறன் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு தடவைக்குமிடையில் மேற்படையின் உப்புக் குறைந்து பீ.எச். உயர்ந்திருந்தால், அடுத்த போகத்துக்கு முன்னர் அந்தக் காணிக்கு வேண்டியது ஜிப்சமும் (சோடியத்தைக் களியிலிருந்து அகற்றும் கல்சிய உப்பு) வடிகாலும், உப்பும் பீ.எச்.உம் இரண்டுமே இறங்கியிருந்தால், மழைநீரை வரம்பு கட்டித் தேக்கிக் கழுவுவதே போதும்.