கறுப்பு வெள்ளையின் சரக்கும் வண்ணத்திடம்தான்

நடுவர் அவர்களே! டிஜிட்டல் படம் எடுக்க ஏற்றது வண்ணமா, கறுப்பு வெள்ளையா என்பது கேள்வி. வண்ணத்தில் எடுத்துப் பிறகு கறுப்பு வெள்ளையாக்கலாம் என்பது என் கட்சி. எதிரணி நண்பர், "கேமராவை மோனோக்ரோம் என்ற கறுப்பு வெள்ளை அமைப்புக்குத் திருப்பிவிட்டால் கவனம் சிதறாது" என்றார். தாராளமாகத் திருப்பலாம். ஆனால் கேமராவே முடித்துச் சுருக்கித் தரும் ஜேபெக் கோப்பில் மட்டும் எடுத்தால் நிறம் அந்த நொடியே போச்சு, திரும்ப வராது.

போனால் என்ன என்கிறீர்களா? பச்சைப் புடவை, சிவப்புக் கரை. 0 முதல் 255 வரையான அளவில், வேறு நிறம் கலக்காத சிவப்பு 255, பச்சை 130 என்று வையுங்கள். சாம்பலாக்கும் வழக்கமான கணக்கில் சிவப்பை 0.299ஆல், பச்சையை 0.587ஆல் பெருக்குவார்கள். இரண்டுக்கும் விடை 76! கரை எங்கே ஐயா? நெய்தவர் பார்த்தால் சும்மா விடுவாரா? ஒளியைப் பதியும் சென்சார் தந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பு கையில் இருந்தால், கணினியில் கறுப்பு வெள்ளையாக்கும்போது சிவப்பு ஸ்லைடரை ஏற்றிப் பச்சையை இறக்குங்கள், கரை பளிச்சென்று வரும்.

திரையில் கறுப்பு வெள்ளை பார்த்துத்தான் எடுப்பேன் என்பவருக்கும் வழி உண்டு. மோனோக்ரோம் அமைப்போடு ரா, ஜேபெக் இரண்டையும் சேர்த்துப் பதியச் சொல்லுங்கள். கண்ணுக்குச் சாம்பல், ராவுக்குள் முழு நிறம். அதற்காக ஸ்லைடரைக் கண்டபடி இழுக்காதீர்கள். வானம் கறுக்கட்டும் என்று நீலத்தை அடிவரை இறக்கினால் புள்ளி புள்ளியாக இரைச்சல் கிளம்பும், கோபுர விளிம்பில் வெள்ளைக் கோடு விழும்.

"கறுப்பு வெள்ளை மட்டுமே எடுக்கும் எம் மோனோக்ரோம் கேமராவை லைக்கா நிறுவனம் 2012லேயே கொண்டுவந்ததே?" என்று எதிரணி நண்பர் கேட்டார். சென்சார் மேல் நிற வடிகட்டி இல்லாததால் ஒளி வீணாகாது, கூர்மை கூடும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வானத்தைக் கறுக்க லென்சில் சிவப்புக் கண்ணாடி மாட்ட வேண்டும். ஒரு ஸ்டாப் போனால் ஒளி பாதியாகும். இங்கே சுமார் மூன்று ஸ்டாப் போகும், 1/500 நொடி ஷட்டர் வேகம் 1/60 ஆகிவிடும். வெளிச்சம் மிஞ்சி வெளுத்த இடமும் வெளுத்ததுதான். வண்ண சென்சாரில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சானல்களில் ஒன்று நிரம்பினாலும் மற்றதில் விவரம் மிஞ்சியிருக்கலாம்.

கடைசியாகக் கல்யாண மேடை. ஊதா எல்இடி அடித்த முகத்தில் சிவப்பும் நீலமும் நிரம்பி வழியும். "கறுப்பு வெள்ளையாக்கிக் காப்பாற்றினோம்" என்று எதிரணி மார்தட்டுகிறது. எப்படிக் காப்பாற்றினீர்கள்? ஒவ்வொரு நிறத்தின் பங்கையும் கூட்டிக் குறைக்கும் சானல் மிக்சரில் சிவப்பு 0, நீலம் 0, பச்சை 100 வைத்துத்தானே? மோனோக்ரோம் ஜேபெக்கில் அந்தப் பச்சைச் சானலை எங்கே போய்த் தேடுவது? அடுத்து வரும் பேச்சாளர் முதலில் அதைச் சொல்லிவிட்டு மற்றதைத் தொடங்கட்டும், நடுவர் அவர்களே!